வெர்னாவின் தலையசைப்பு

பலசரக்குக் கடையின் பின்பக்கம், குப்பைத் தொட்டிகளுக்கு அருகே காரை நிறுத்தி, கண்ணாடிகளை எல்லாம் ஏற்றிவிட்டு, கைபேசியின் ஒலியைக் கடைசிவரை கூட்டி வைத்துக்கொண்டு வெர்னா ட்ரெம்பத் நான்காவது எண்ணை அழைத்தாள். வீட்டிலிருந்து பேசியிருக்கலாம். ஆனால் இவ்வளவு சத்தம் வைத்துப் பேசினால் சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருப்பவளுக்கு ஒரு சொல் விடாமல் கேட்கும். வெர்னாவுக்குத்தான் பாதி கேட்காது. முதல் எண் உள்ளூர் மருத்துவமனையுடையது, அதை அவள் அழைக்கவே இல்லை. அங்கே இரண்டு வாரத்துக்கு ஒரு புதன்கிழமை காது பரிசோதிக்கும் ஆடியாலஜிஸ்ட் வருவார், முதியவர்களுக்கான அரசாங்கக் காப்பீடான மெடிகேரும் எடுத்துக்கொள்வார்கள், எல்லாம் சரிதான். வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருப்பவள் டெல்ஃபீன். இருபது வருடமாக வியாழக்கிழமைதோறும் வெர்னாவோடு சீட்டாடுகிறவள். டெல்ஃபீனுக்குத் தெரிந்தது மாலைக்குள் ஊருக்குத் தெரியும். இரண்டாவது எண்ணில் மெடிகேர் எடுப்பதில்லை என்றார்கள். மூன்றாவது எண்ணில் ஒருவன் நிறையப் பேசினான். வெர்னா இரண்டு முறை "அப்படியா" என்று சொல்லி, நன்றி கூறி, ஒன்றும் விளங்காமல் வைத்துவிட்டாள்.

நான்காவதில் எடுத்த பெண் நல்லவேளையாக நிறுத்தி நிதானமாகப் பேசினாள்.

"மெடிகேர் எடுப்பீங்களா?"

"எடுப்போம்மா. டெஸ்டுக்கு மட்டும்தான் குடுப்பாங்க. காதுல மாட்டுற மிஷினுக்குக் குடுக்க மாட்டாங்க. அது தெரியும்ல?"

அது தெரியாமலா! அந்த வாக்கியத்தை இருநூறு பேருக்காவது சொன்ன வாய் வெர்னாவுடையது. வெர்னா கோபப்படாமல், "தெரியும்" என்றாள்.

"எந்தத் தேதி வேணும்?"

"நவம்பர் பதினஞ்சு."

"அன்னைக்கா? மான் வேட்டை தொடங்குற நாளாச்சேம்மா! எங்க ஊர்ல ஒரு ஆம்பளை இருக்க மாட்டான். உங்க வீட்ல யாரும் போகலியா?"

அதற்காகத்தான் அந்தத் தேதி என்று வெர்னா சொல்லவில்லை. பதினைந்தாம் தேதி விடியும்போது ஊரில் பாதிப் பேர் ஆரஞ்சு நிறச் சட்டை போட்டுக்கொண்டு காட்டுக்குள் மரத்தோடு மரமாக நிற்பார்கள். பள்ளிக்கூடத்துக்கே விடுமுறை. மீதிப் பேர் அடுப்படியில் இருப்பார்கள். எழுபது மைல் தள்ளி கார்டினல் பே நகரத்தில் ஒரு காது மருத்துவமனைக்குள் அவள் நுழைவதைப் பார்க்க ஒருவரும் இருக்க மாட்டார்கள் என்று அவள் மூன்று நாள் யோசித்துக் கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

ஊரில் அறுபத்தைந்து வயதைத் தொட்டவர்கள் எல்லாரும் ஒருநாள் வெர்னாவின் மேசைக்கு வந்தாக வேண்டும். அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் முதல் வாரம் வரை, செவ்வாய்க்கிழமைகளில், நூலகத்தின் மூலையில் அவள் உட்கார்ந்திருப்பாள். சம்பளம் கிடையாது. அரசாங்கம் நடத்திய பயிற்சியில் தேறியதற்கான அட்டை கழுத்தில் தொங்கும். மெடிகேரோடு துணைப் பாலிசி வைத்துக்கொள்வதா, தனியார் திட்டத்துக்கு மாறுவதா, எந்த மாத்திரைக்கு எவ்வளவு என்று ஒவ்வொருவருக்கும் பிரித்துச் சொல்வாள். அதற்கு முன் முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூட அலுவலகத்தில் இருந்தவள். "வெர்னா சொன்னாங்களா? அப்ப சரியாத்தான் இருக்கும்" என்பது ஊரில் ஒரு பேச்சுவழக்கு. அந்தப் பேச்சு காதில் விழும்போதெல்லாம் அவளுக்கு உள்ளே குளிர்ந்துபோகும். காதில் விழுந்த காலத்தில்.

காது மங்கத் தொடங்கி ஐந்து வருடம் ஆகிறது. சமாளிக்கக் கற்றுக்கொண்டிருந்தாள். முதுகைச் சுவருக்குக் கொடுத்து உட்கார வேண்டும். உதட்டைப் பார்க்க வேண்டும். மற்றவர்கள் சிரித்தால் அரை நொடி கழித்துச் சிரிக்க வேண்டும். கேள்வி மாதிரி தெரிந்தால் தலையை ஆட்ட வேண்டும். பத்துக்கு ஒன்பது கேள்விகளுக்கு மனிதர்கள் ஆமாம் என்ற பதிலைத்தான் எதிர்பார்க்கிறார்கள் என்பது அவள் கண்டுபிடித்த உண்மை. இதையெல்லாம் விட்டுவிட்டு ஒரு மிஷினை மாட்டிக்கொண்டிருக்கலாம். ஆனால் அவளுடைய மறைந்த கணவர் கிளிஃபர்ட் மாட்டியிருந்தார். அது நேரங்கெட்ட நேரத்தில் விசிலடிக்கும். சீட்டாட்ட மேசையில் கிளிஃபர்ட் "என்னது? என்னது?" என்று கையைக் காதில் வைத்துக் கேட்பதை அவர் எதிரிலேயே நடித்துக் காட்டி எல்லாரையும் சிரிக்க வைத்தவள் வெர்னாதான். அவரும் கூடச் சிரிப்பார். என்னவென்று காதில் விழாமலேதான் சிரித்தார் என்பது இப்போதுதான் அவளுக்குப் புரிகிறது.

பதினைந்தாம் தேதி வழியில் ஒரு வாகனம் எதிர்ப்படவில்லை. கார்டினல் பேயில் மருத்துவமனைக் கட்டடத்துக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, பெயரைக் கொடுத்து, படிவம் வாங்கிக்கொண்டு திரும்பினால், ஜன்னலோர நாற்காலியில் தொப்பியை முழங்காலில் மாட்டிக்கொண்டு வில்பர்ட் நிஸ்கனென் உட்கார்ந்திருந்தார்.

"அட, நம்ம வெர்னாவா!"

கையும் களவுமாகப் பிடிபட்டதுபோல் ஆகிவிட்டது. வில்பர்ட் ஊரின் பழைய தபால்காரர், எழுபத்தொன்பது வயது. காட்டுப் பாதை வீடுகளுக்கெல்லாம் தபால் கொண்டுபோனவர். போன வருடம் நவம்பரில் அவள் மேசைக்கு வந்தவர். இந்த உலகத்தில் இன்று அவள் பார்க்கக் கூடாத ஒரே ஒருவர் யார் என்று கேட்டிருந்தால் டெல்ஃபீன் பெயரைக்கூடச் சொல்லியிருக்க மாட்டாள், இவர் பெயரைத்தான் சொல்லியிருப்பாள். கையிலிருந்த படிவத்தை மடித்துப் பைக்குள் திணித்தாள்.

"நூலக வேலையா வந்தேன்," என்று அவள் வாய் தானாகச் சொன்னது. "எந்தெந்தக் காது டாக்டர் மெடிகேர் எடுக்குறாங்கன்னு ஒரு லிஸ்ட் போடுறோம். நேர்ல பாத்துட்டுப் போட்டாத்தானே சரியா இருக்கும்."

"வேட்டை நாள்லகூட உங்களுக்கு லீவு இல்லையா? நூலக வாசல்ல உங்களுக்கு ஒரு சிலை வைக்கணும். நான் சும்மா சொல்லல."

அறை சிறியது, கம்பளம் விரித்தது, காத்திருப்பவர் வேறு யாரும் இல்லை. வில்பர்ட் நேரே பார்த்துப் பேசுகிறவர். அதனால் அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. கேட்காமல் இருந்திருக்கலாம்.

"நீங்க காட்டுக்குப் போகலியா?"

"ஐம்பத்தாறு வருஷம் விடாமப் போனேன். இந்த வருஷம் நானே வேண்டாம்னுட்டேன். காது சரியில்லாதவன் துப்பாக்கியும் கையுமா காட்டுக்குள்ள நிக்கலாமா? பின்னாடி எவனாவது கத்தி எனக்குக் கேக்கலைன்னா? பசங்க, வந்து கூடாரத்துல சமைச்சாவது போடுங்கன்னாங்க. அது என்ன, என்னைப் பாத்து பாவப்படுறதுக்கா?" அவர் சிரித்தார். "காது போனது எனக்குத் தெரியவே இல்ல வெர்னா. உங்களாலதான் தெரிஞ்சுது."

"என்னாலயா?"

"போன வருஷம் உங்ககிட்ட வந்தேன்ல. தனியார் திட்டத்துக்கு மாறினா நம்ம ஊர் ஆஸ்பத்திரிக்கே போலாமான்னு கேட்டேன். நீங்க போக முடியாதுன்னு சொல்லியிருக்கீங்க. என் காதுல விழல. ஜனவரியில போனா, உங்க திட்டம் இங்க செல்லாது, கார்டினல் பேக்குப் போங்கங்கிறாங்க. எந்தங்கச்சி ஹெல்மி அந்தப் படிவத்தை எடுத்துப் பாத்துட்டு, 'மருத்துவமனை சரிபார்க்கப்பட்டது'ன்னு வெர்னா டிக் அடிச்சிருக்காங்க, கீழ நீ கையெழுத்துப் போட்டிருக்கே, அவங்க சொல்லாமலா இருந்திருப்பாங்க, உன் காதைக் கொண்டுபோய்க் காட்டுடான்னா. அவ வாயி உங்களுக்குத் தெரியும்ல." கண்ணுக்கும் இதயத்துக்கும் எல்லாவற்றுக்கும் எழுபது மைல் வருவதைச் சொன்னார். பிப்ரவரியில் பனியில் வண்டி சறுக்கிப் பள்ளத்தில் இறங்கி மூன்று மணி நேரம் கிடந்ததையும் ஏதோ வேடிக்கைக் கதை மாதிரி சொன்னார். "உங்களைக் குத்தம் சொல்லல. தப்பு என் காதுல."

வெர்னாவின் முகத்தில் ஈயாடவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை அவளுக்கு மறக்கவில்லை. நூலகத்தின் வெப்பக்காற்று விசிறி கடகடவென்று அடித்துக்கொண்டிருந்தது. பின்னால் ஏழு பேர் காத்திருந்தார்கள். வில்பர்ட் குனிந்து காகிதத்தைப் பார்த்துக்கொண்டே எதையோ கேட்டார். உதடு தெரியவில்லை. கேள்வி மாதிரி இருந்தது. அவள் சிரித்துக்கொண்டு தலையை ஆட்டினாள். அப்புறம் வரிசையாக எல்லாக் கட்டங்களிலும் டிக் அடித்தாள். மார்ச் மாதம், வில்பர்ட் எல்லாவற்றுக்கும் கார்டினல் பே போகிறாராமே என்று நூலகத்தில் யாரோ சொன்னார்கள். அன்றே விஷயம் முழுக்கப் புரிந்துவிட்டது. போனில் தனக்குச் சரியாகக் கேட்காதே என்று சொல்லிக்கொண்டு அவரை அழைக்காமல் இருந்தாள். போனில் கேட்காது என்பது உண்மைதான். நான்கு தெரு தள்ளியிருக்கும் வீட்டுக்கு நடந்து போகக் காது வேண்டியதில்லை. எட்டு மாதமாக அவள் நடக்கவில்லை.

"வில்பர்ட், ஒண்ணு சொல்றேன், கேளுங்க," என்றாள். "முதல் தடவையா தனியார் திட்டத்துக்கு மாறினவங்க ஒரு வருஷத்துக்குள்ள பழையபடி மெடிகேருக்குத் திரும்பலாம். உங்க பழைய துணைப் பாலிசியையும் அவங்க திருப்பிக் குடுத்தாகணும். உடம்புக்கு என்னன்னு ஒரு கேள்வி கேக்கக் கூடாது. வர்ற செவ்வாய்க்கிழமை வாங்க. நானே எழுதித் தர்றேன்."

"நெசமாவா? நம்ம ஆஸ்பத்திரிக்கே போலாமா?"

"போலாம்."

வில்பர்ட் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது மனிதருக்கு. "தப்பு பண்ணினவன் நான். அதையும் சரி பண்ணித் தர்றது நீங்க. உங்களை மாதிரி யாரு இருக்காங்க!"

அவளுக்கு ஒரு கணம் நிம்மதியாகக்கூட இருந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லாமலேயே செய்ய வேண்டியதைச் செய்தாகிவிட்டது. அவருக்கு நஷ்டம் தீர்ந்தது, நமக்குப் பெயரும் கெடவில்லை, இன்னும் என்ன என்று நினைத்தாள். நினைத்த மாத்திரத்தில் தன் மீதே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் அந்தக் கையை அவள் விலக்கவில்லை. உள்ளேயிருந்து பரிசோதனை செய்யும் இளம்பெண் வந்து வில்பர்ட்டைக் கூட்டிக்கொண்டு போனாள். வெர்னா படிவத்தை வெளியே எடுத்து, அவர் வருவதற்குள் அவசர அவசரமாக நிரப்பி, வரவேற்பு மேசையில் குப்புறக் கவிழ்த்து வைத்தாள். அவர் வெளியே வந்து போகும்வரை தன்னைக் கூப்பிடக் கூடாதே என்பதுதான் அப்போது அவளுடைய ஒரே கவலை.

அரைமணி நேரம் கழித்து வில்பர்ட் வெளியே வந்தார். கையில் காது கேட்கும் அளவை வரைந்து காட்டும் காகிதம். வந்தவர் மேல்கோட்டை எடுக்காமல், கிளம்பாமல், பழைய நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். பத்து வயது கூடினவர்போல் இருந்தார்.

"என்னவாம்? ரொம்ப மோசமா?" என்றாள் வெர்னா.

"ஒண்ணும் இல்லையாம்." காகிதத்தை நீட்டினார். "காது நல்லாருக்காம். இந்த வயசுல இப்படிப் பாக்குறதே அபூர்வம்னு அந்தப் பொண்ணு சொல்லுது. குசுகுசுன்னு பேசினதைக்கூட நான் திருப்பிச் சொன்னேனாம். அம்பது வயசுக்காரன் காதாம்."

"அது நல்ல சேதிதானே?"

வில்பர்ட் அவளை நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருடத்தில் அந்த மனிதர் முகத்தில் பயத்தை அவள் பார்த்ததில்லை.

"காது நல்லாருந்தா, நீங்க சொன்னது எப்படி எனக்குக் கேக்காமப் போச்சு? நான் யாருகிட்டயும் சொல்லல வெர்னா. நான் கேட்டப்ப நீங்க தலையாட்டினது இன்னைக்கும் என் கண்ணுல நிக்குது. சிரிச்சுக்கிட்டே ஆட்டினீங்க. நடக்காத ஒண்ணு எப்படி கண்ணுல நிக்கும்?" தொப்பியின் விளிம்பைத் திருகினார். "எங்கண்ணன் எல்மருக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது. படகை வித்துட்டேன், காசைக் கையில வாங்கினேன், வாங்கினவன் மீசை வச்சிருந்தான்னு சொல்லுவான். படகு கொட்டகையிலதான் இருக்கும். கடைசியில நான் யாருன்னே தெரியாமப் போயிட்டான். தினமும் போவேன். தபால் வந்துச்சான்னு கேப்பான், அவ்வளவுதான். எனக்குக் காதுன்னுதான் நான் நெனச்சேன். காதா இருக்கணும்னு வேண்டிக்கிட்டுத்தான் இன்னைக்கு வண்டி ஓட்டிக்கிட்டு வந்தேன்."

மருத்துவமனை, எழுபது மைல், பள்ளம், வேட்டை, எல்லாவற்றுக்கும் ஒரு மாற்று இருந்தது. படிவம் எழுதிக் கொடுத்தால் தீரும் விஷயங்கள். இதற்குப் படிவம் இல்லை. இந்த மனிதர் இப்படியே வீட்டுக்குப் போனால் நாளை சாவியைத் தேடினாலும் எல்மர் ஞாபகம் வரும், பெயரை மறந்தாலும் எல்மர் ஞாபகம் வரும். தன் தலைக்குள் ஏதோ அழுகிக்கொண்டிருப்பதாக நினைத்து நினைத்தே கிடப்பார். சும்மா இருந்தால் போதும், ஒருவருக்கும் தெரியாது. வெட்கம் கழுத்திலிருந்து காதுவரை சூடாக ஏறியது.

"ஆட்டினேன்," என்றாள்.

"என்னது?"

"நான் தலையாட்டினேன், வில்பர்ட். நீங்க பாத்தது நெசம். போக முடியாதுன்னு நான் சொல்லவே இல்ல. நீங்க கேட்டது எனக்குக் கேக்கல. விசிறி சத்தம், நீங்க குனிஞ்சிருந்தீங்க. கேக்கலன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு, தலையை ஆட்டிட்டேன். பாக்காமலே டிக் அடிச்சேன். காது போனது உங்களுக்கு இல்ல, எனக்கு. லிஸ்ட்டும் கிடையாது ஒண்ணும் கிடையாது, நானும் இங்க டெஸ்டுக்குத்தான் வந்தேன். மார்ச்சுலயே எனக்குத் தெரியும்."

"மார்ச்சுலயேவா?"

"ஆமா."

வில்பர்ட் முகத்திலிருந்த பயம் இறங்குவதை அவள் பார்த்தாள். அதைப் பார்க்கும்போது அவளுக்கு அழுகை முட்டியது. பயம் முழுக்க இறங்கிய பிறகு அந்த இடத்தில் என்ன வருகிறது என்பதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவர் அவளைப் பார்த்த விதம் மாறியது. முப்பத்தொரு வருடம், அட்டை, சிலை எல்லாம் அந்தப் பார்வையிலிருந்து ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன.

"எத்தனை பேருக்கு இப்படித் தலையாட்டியிருக்கீங்க?"

அவள் இதுவரை தன்னைத்தானே கேட்டுக்கொள்ளாமல் காப்பாற்றி வைத்திருந்த கேள்வி அது. ஐந்து வருடச் செவ்வாய்க்கிழமைகள். மேசைக்கு எதிரே வரிசையாக முகங்கள், குனிந்த முகங்கள், கையால் வாயை மறைத்துப் பேசிய முகங்கள்.

"தெரியாது."

வில்பர்ட் எழுந்து கோட்டைப் போட்டுக்கொண்டார். பொத்தான்களை நிதானமாகப் போட்டார். பிறகு விரலை நீட்டி அவள் முதுகுக்குப் பின்னால் காட்டினார். வெர்னா திரும்பினாள். பரிசோதனைப் பெண் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள், கையில் வெர்னாவின் படிவம். நின்ற தோரணையைப் பார்த்தால் பலமுறை கூப்பிட்டுவிட்டாள் என்று தெரிந்தது.

அவள் மறுபடி திரும்பியபோது வில்பர்ட் வாசலுக்குப் போயிருந்தார். ஒரு கை கதவில் இருந்தது. வெளிக்காற்று உள்ளே வந்து மேசைமேல் காகிதங்களைப் படபடக்க வைத்தது. அவர் முதுகைக் காட்டியபடியே எதையோ சொன்னார். தோள்கள் அசைந்ததில் அவர் பேசுகிறார் என்பது தெரிந்தது. செவ்வாய்க்கிழமை வருகிறேன் என்பதாக இருக்கலாம். இனி அந்த மேசையில் உட்காராதே என்பதாக இருக்கலாம். அதைவிட மோசமானதாகவும் இருக்கலாம். வெர்னாவின் தலை பழக்கத்தில் லேசாக முன்னுக்குச் சாய்ந்தது. அவள் அதைப் பாதியில் நிறுத்தினாள்.

"வில்பர்ட், எனக்குக் கேக்கல," என்றாள். எவ்வளவு சத்தமாகச் சொன்னாள் என்பது அவளுக்குத் தெரியவில்லை. வரவேற்பு மேசையிலிருந்த பெண் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். "கேக்கல. இந்தப் பக்கம் திரும்பிச் சொல்லுங்க."

கதவில் இருந்த கை அப்படியே நின்றது. வெளியே பனி விழத் தொடங்கியிருந்தது, அதில் கொஞ்சம் உள்ளே வந்து அவர் காலணிகளுக்கு அருகே கம்பளத்தில் உருகிக்கொண்டிருந்தது. வெர்னா அவர் முகம் இருக்கப்போகும் இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வில்பர்ட் மெல்லத் திரும்பினார்.